பால்கனியில ஒரு மாட்டுத்தாவணி

மருமவனே, சைக்கிள் வாங்காதன்னு சொல்ல நான் வரல. கோவில்பட்டிப் பக்கம் வாடகைச் சைக்கிள் கடை போட்டு, மணிக்கு நாலணான்னு சேத்த காசுல உங்கம்மா கல்யாணத்தை நடத்தினவன் நான். சைக்கிளைப் பழிச்சா என் நாக்கு அழுகிப் போவும். நீ வாங்கு. நல்லா வாங்கு. வாரத்துக்கு ஒண்ணு வாங்கு. வாங்கினதுல ஒண்ணையாவது தெருமுக்கு தாண்டி ஓட்டுதியாங்கிறதுதான் என் கேள்வி.

‘ஊரைச் சுத்திப் பாக்கலாம், வாங்க மாமா’ன்னு ஹைதராபாத்துக்குக் கூப்பிட்ட. சார்மினாரு, கோல்கொண்டா எல்லாம் கெடக்கட்டும். கொண்டாப்பூர்ல உன் வீட்டு வாசல்ல இருந்து சோபா வரைக்கும் போய்ச் சேர மொதல்ல ஒரு வழி சொல்லு. செவுத்துல ரெண்டு தொங்குது. பால்கனியில மூணு. துணி காயப்போடுற கொடியில டயர் காயுது. கட்டிலுக்கு அடியில வெறும் ஃப்ரேமு. ஃப்ரிட்ஜுக்கு மேல ஒரு எவர்சில்வர் டப்பா இருந்துச்சு, சீடைன்னு நெனச்சுக் கையை விட்டேன். பூராவும் கோத்ரஸ் குண்டு, பேரிங்குக்குள்ள போடுற இரும்புக் குண்டு. இந்த வயசுல இருக்கிற நாலு பல்லையும் காவு குடுத்திருப்பேன். உன் வீட்டுக்காரி எனக்கு மக முறை வேணும். அந்தப் பிள்ளைகிட்ட ‘மொளகாப்பொடி எங்க தாயி’ன்னு கேட்டா, ‘மஞ்ச சைக்கிளுக்குப் பின்னால பாருங்க பெரியப்பா’ங்குது. வேற ஒரு வார்த்தை பேசல. பொம்பளை அம்புட்டு அமைதியா இருந்தா ஆம்பளை பயப்படணும். நீ பயப்படல, கேட்டா ஒரு கணக்கு சொல்லுத. சைக்கிள் பித்துப் புடிச்சவங்க உலகம் பூரா வச்சிருக்கிற கணக்காம்: ஒருத்தனுக்கு எத்தனை சைக்கிள் வேணும்னா, இப்ப இருக்கிறதைவிட ஒண்ணு கூட. பொண்டாட்டி பொட்டியைக் கட்டுற எண்ணிக்கைக்கு மட்டும் ஒண்ணு கொறைய. நீ மொதக் கணக்கை மனப்பாடம் பண்ணிட்ட. ரெண்டாவதை அந்தப் பிள்ளை மனசுக்குள்ள போட்டுக்கிட்டிருக்கு.

நம்ம பக்கத்து மாட்டுத்தாவணியைச் சின்ன வயசுல பாத்திருப்ப. அங்க தரகன் என்ன செய்வான்? பல்லைப் பிடிச்சுப் பாப்பான், சுழி பாப்பான், வாலைத் தூக்கிப் பாப்பான். துண்டுக்குள்ள கையை விட்டு வெரலைப் பிடிச்சு வெல பேசுவான். பொழுது சாயுறதுக்குள்ள எத்தனையோ மாடு அவன் கை தாண்டிப் போயிருக்கும். உழுத நெலம்னு பாத்தா ஒரு குழி இருக்காது. நீயும் அதே சோலிதான் பாக்குத, என்ன, அவனுக்கு விக்கிறவன் பக்கமும் காசு, வாங்குறவன் பக்கமும் காசு. உனக்கு ரெண்டு பக்கமும் நட்டம். அந்த வகையில ஊரு உலகத்துல நீ ஒரு அதிசயத் தரகன்.

போன ஞாயித்துக்கெழம ஒரு பையன் வெல பேச வந்தானே, நீ அவன்கிட்டப் பேசினது பூராவும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். தெலுங்குல பேசினா மாமனுக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்ட. கரிசக்காட்டுல பாதி வீட்டுல தெலுங்குதான்டா அடுப்பங்கரைப் பேச்சு. ‘பிரதர், இதை நான் ஐநூறு கிலோமீட்டர்கூட ஓட்டல’ன்னு சொன்ன பாரு, அப்ப உன் மொகத்துல ஒரு பெருமை! ஓட்டாததை ஒரு யோக்கியதையாச் சொல்லி விக்கிறவனை இப்பத்தான் பாக்கேன். 42,000 ரூவாய்க்கு வாங்கி, 31,000 ரூவாய்க்குச் சாமான் மாட்டி, 45,000 ரூவாய்க்குத் தள்ளிவிட்ட. ‘லாப நட்டம் பாக்கக் கூடாது மாமா, எல்லாம் அனுபவம்’ன்ன. உள்ள ஒரு பாத்திரம் டங்குன்னு கீழ வச்ச சத்தம் கேட்டுச்சு. உனக்குக் கேக்கல. வித்த சைக்கிளு லிஃப்டுல எறங்கிக்கிட்டு இருக்கு, நீ அதுக்குள்ள போன்ல அடுத்ததைத் தேடிக்கிட்டு இருக்க. கேட்டா, 2025 செப்டம்பர்ல சைக்கிளுக்கு ஜிஎஸ்டி பன்னெண்டுல இருந்து அஞ்சாக் கொறைஞ்சிட்டு, மிச்சம்தானேங்குத. ஏழு பைசா மிச்சம் பிடிக்க ஒரு ரூவாயைச் செலவழிக்கிற ஆளுகளை நம்பித்தான் சர்க்காரே வரியைக் கொறைக்கும்போல.

இதெல்லாம் எங்க இருந்து ஆரம்பிக்குதுன்னு உக்காந்து யோசிச்சேன். குத்தம் பூராவும் உன் மேல இல்ல, செய்யிறவன் மேலயும் இருக்கு. உன் பழைய சைக்கிள்ல சோராங்கிற கியரு, பின்னால ஒம்பது பல்லுச்சக்கரம். நல்லாத்தான் ஓடுச்சு. நீ 105-ங்கிற கியருக்கு ஆசைப்பட்டு பதினொண்ணு வாங்கின. பதினோரு சக்கரக் கேசட்டு பழைய ஹப்புல உக்காராது, அகலம் பத்தாது. அதனால புது வீலு. புது வீலு டிஸ்க் பிரேக்குக்குச் செஞ்சது, பழைய ஃப்ரேமுல டிஸ்க் மாட்ட எடமே கெடையாது. அதனால புது ஃப்ரேமு. புது ஃப்ரேமுல பெடல் அச்சு போற ஓட்டை வேற அளவு, அதுக்கு ஒரு புது கிராங்கு. இப்படியே போயி, பழைய சைக்கிள்ல இருந்து மிஞ்சினது பெல்லு ஒண்ணுதான். அதையும் வெயிட்டுன்னு கழட்டிப் போட்ட. அதோட விட்டதா? கழட்டிப் போட்ட சாமான் பூராவும் தரையில கெடந்து உன் மொகத்தையே பாத்துச்சு. ‘ஒரு ஃப்ரேமு மட்டும் வாங்கினா இது தனிச் சைக்கிளு ஆயிரும் மாமா, கிட்டத்தட்ட சும்மா’ன்ன. ஒரு சைக்கிளை ரிப்பேர் பண்ணப் போயி ரெண்டு சைக்கிளாக்குற வித்தை என் கடையில எந்தப் பயலுக்கும் தெரியாது.

ஜப்பான்ல 1921-ல ஷிமானோங்கிற ஒருத்தன் ஃப்ரீவீலு செய்யப் பட்டறை போட்டானாமே, நீதான் சொன்ன. அந்தச் சோராவும் 105-ம் அவன் கம்பெனிச் சரக்குதான். அன்னையில இருந்து அந்தக் குடும்பம் உன்னை நம்பித்தான் இருந்திருக்கு.

எங்க காலத்துச் சைக்கிளு வேற. அம்பத்தூர்ல டிஐ கம்பெனி 1949-ல தொறந்தாங்க, ஹெர்குலிஸு, பிஎஸ்ஏ எல்லாம் அங்க இருந்து வந்தது. லூதியானாவுல ஹீரோ, சோனிப்பட்டுல அட்லாஸு. எவன் செஞ்சாலும் பெரிய சைக்கிளுக்கு முன்வீலுக்கு 32 கம்பி, பின்வீலுக்கு 40 கம்பி. ஆளும் பாரமும் பின்னால உக்காருதுன்னு கணக்குப் பண்ணி வச்சது. லூதியானாக் கிராங்கு அம்பத்தூர் சைக்கிளுக்குச் சேரும். காட்டர் பின்னைச் சுத்தியலால ஒரு தட்டுத் தட்டினா சோலி முடிஞ்சது. இப்ப ஒவ்வொரு வருசமும் ஒரு புது அளவு கண்டுபிடிக்கான். அதுலயும் ஒரு கூத்து கேளு. 29 இஞ்சு வீலுன்னு பால்கனியில ஒண்ணு நிக்குதுல்ல, அதுல டயர் உக்கார்ற எடத்தை உன் டேப்பை வச்சு அளந்து பாரு, 622 மில்லி. நம்மூரு 28 இஞ்சுப் பெரிய சைக்கிளு ரிம்மு 635. இருபத்தொம்பது இருபத்தெட்டைவிட 13 மில்லி சின்னது! தடிச்ச டயரைச் சுத்தி மாட்டி ஒசரத்தைச் சரிக்கட்டிட்டான். இதைச் சொன்னா நீ சிரிக்க. ஆனா அந்த இருபத்தொம்பதுக்குக் குடுத்த காசுல எத்தனை இருபத்தெட்டு வாங்கலாம்னு மட்டும் கணக்குப் போடமாட்ட.

எடையைப் பத்தி நான் பேசவே மாட்டேன். பந்தயச் சைக்கிளு 6.8 கிலோவுக்குக் கொறையக் கூடாதுன்னு ஒலக சைக்கிள் சங்கமே சட்டம் வச்சிருக்காம். உனக்கு எதுக்கு அந்தக் கவலை? போல்ட்டுக்குப் போல்ட்டு டைட்டானியம் மாத்தி அம்பது கிராமு கொறைச்ச அன்னிக்குத்தான் பாரடைஸ்ல பிரியாணியும் ரெண்டு தட்டு டபுள் கா மீட்டாவும் தின்னோம்.

சரி, ஓட்டத்தான் எடமில்லையான்னு பாத்தா, அப்படிச் சொல்லவும் வழியில்ல. வெளிவட்டச் சாலை ஓரத்துல சர்க்காரு ஒரு பாதை போட்டு வச்சிருக்கு. நானக்ராம்குடாவுல இருந்து போலீஸ் அகாடமி வரைக்கும் ஒண்ணு, நார்சிங்கியில இருந்து கொல்லூரு வரைக்கும் ஒண்ணு, ரெண்டும் சேத்து 23 கிலோமீட்டரு. 2023 அக்டோபர் 1-ல தொறந்தது. மேல சோலார் தகட்டைக் கூரையாப் போட்டு, 16 மெகாவாட்டு கரண்டும் எடுக்கான், கீழ போறவனுக்கு நெழலும் குடுக்கான். செஞ்சவனைக் கையெடுத்துக் கும்பிடணும். நீ என்ன செஞ்ச? காருக்குப் பின்னால கம்பி மாட்டி, அதுல சைக்கிளைக் கட்டி, என்னைய முன்னால உக்கார வச்சு அங்க கூட்டிட்டுப் போன. ஊரு பூராச் சைக்கிளு கார்ல போச்சு, நீ டிரைவர் வேல பாத்த. யாருக்கு யாரு வாகனம்னு எனக்கு வெளங்கல. அங்க போயும் ஓட்டினது கொஞ்சம், நிறுத்தி வச்சுப் படம் பிடிச்சது ஜாஸ்தி. பெடல் எந்தத் தெசையில நிக்கணும், செயின் எந்தப் பல்லுல கெடக்கணும்னு அம்புட்டு அக்கறை. பொண்ணு பாக்க மாப்பிள்ளை வீட்டுக்குக்கூட அப்படிப் படம் எடுத்து அனுப்ப மாட்டாங்க. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இதுவும் தாவணிக்குப் போகப் போற உருப்படின்னு.

ராத்திரி சாப்பிடையில நீ கதை சொல்லுவ பாரு, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்காட்லாந்துக்காரன் ஒருத்தன், கிரேம் ஓப்ரீ. வாஷிங் மெசின்ல இருந்து பேரிங்கைக் கழட்டித் தன் சைக்கிளுக்குப் போட்டவன். ஒரு மணி நேரத்துல யாரு அதிக தூரம் ஓட்டுததுங்கிற ஒலக சாதனைக்கு 1993-ல நார்வேக்குப் போனான். மொத நாளு, அவன் சைக்கிளைப் பாத்துப் பெரிய வேலைக்காரன் ஒருத்தன் செஞ்சு குடுத்த புதுச் சைக்கிள்ல ஏறினான், தோத்தான். மறுநாள் காலையில, ஜூலை 17, வலியெடுத்த காலோட தன் பழைய வாஷிங் மெசின் சைக்கிள்லயே ஏறி 51.596 கிலோமீட்டர் ஓட்டிட்டான். கதையைச் சொல்லிட்டு, ‘பாத்தீங்களா மாமா, சொந்தமாச் சைக்கிள் கட்டுறதுக்கு இருக்கிற மவுசை’ன்ன. நான் கேட்டது வேற கதை. அவன் கட்டினான், கட்டினதுலயே ஓட்டினான். அதனாலதான் புதுசு செய்யாததைப் பழசு செஞ்சுது. நீயா இருந்தா மொத நாள் ராத்திரியே பழசைப் படம் பிடிச்சு வெல சொல்லியிருப்ப, ‘பேரிங் மட்டும் வாஷிங் மெசினோடது, மத்தபடி புதுசு’ன்னு.

நார்வேக்கு எதுக்குப் போவணும்? இந்த ஊர்லயே சுந்தரய்யா இருந்தாரு. பெரிய கம்யூனிஸ்ட் தலைவரு. பார்லிமெண்டுக்கும் சைக்கிளு, இங்க சட்டசபைக்கும் சைக்கிளு. காருக வந்து நிக்கிற எடத்துல தன் சைக்கிளை நிறுத்திட்டு உள்ள போன மனுசன். பாக்லிங்கம்பள்ளியில அவர் பேருல விஞ்ஞான கேந்திரம்னு புஸ்தகக் கட்டடம் ஒண்ணு இருக்குல்ல, ஒருநாள் என்னையக் கூட்டிட்டுப் போ. போறதா இருந்தா கார் வேண்டாம். அந்த மனுசன் சைக்கிளுக்கு எத்தனை கியருன்னு நீ கேப்ப. அவருகிட்ட யாரும் அதைக் கேட்ட மாதிரி தெரியல.

இன்னொண்ணு, சீட்டு. பிரிட்டிஷ்காரன் ப்ரூக்ஸு, 1866-ல ஆரம்பிச்ச கம்பெனி, தோல் சீட்டு. மொதல்ல கட்டையாத்தான் இருக்கும். நூத்துக்கணக்குல மைலு ஓட்டினாத்தான் தோலு எறங்கி, உக்கார்றவன் எலும்புக்குத் தக்கன குழி விழும். அதுக்கு அப்புறம் அம்புட்டுச் சொகம்னு நீதான் சொன்ன. ஆனா நீ என்ன செய்யுத? புண்ணாகுற வரைக்கும் உக்காந்து பாதி பழக்கிட்டு, சொகம் வரப் போற நேரத்துல சைக்கிளோட சேத்து வித்துட்டு, புதுசா ஒரு கட்டையை வாங்கி மறுபடி மொதல்ல இருந்து உக்காருத. எரிச்சல் உனக்கு, சொகம் வாங்கினவனுக்கு. உன் பொறப்பே தர்மப் பொறப்புடா.

இம்புட்டும் சொன்னதால உனக்கு வேல தெரியாதுன்னு நான் நெனக்கேன்னு நெனச்சுக்கிடாத. ஒருநாள் ராத்திரி நீ ஹால்ல உக்காந்து வீலு கட்டினியே, நான் தூங்குறதாத்தான் நீ நெனச்ச. ஹப்பை மடியில வச்சுக்கிட்டு, கம்பியை ஒண்ணொண்ணாக் கோத்து, ரெண்டைத் தாண்டி விட்டு மூணாவது குறுக்குல மட்டும் அடியில நுழைச்சு எடுத்த. நிப்பிள் சாவியைக் கால் திருகு, நிறுத்து, மறுபடி கால் திருகு. அவசரமே இல்ல. பெறகு ரெண்டு வெரலால கம்பியைச் சுண்டிக் காது குடுத்துக் கேட்ட. ஒரு கம்பி சத்தம் மந்தமாக் கேட்டதும் அங்கயே நின்ன. நானெல்லாம் சாக்கட்டியை ரிம்மு பக்கத்துல பிடிச்சு, கோடு விழுந்த எடத்துல கோட்டம் எடுக்கிற ஆளு. நீ அதையும் மிஞ்சிட்ட. போன் பக்கத்துல அடிச்சுது, எடுத்துப் பாக்கல. அந்த நேரத்துல உன் மொகம் நல்லா இருந்துச்சு. உன் கை வேலைக்காரன் கை, மருமவனே. மனசுதான் தரகன் மனசு. வேல முடிஞ்சு வீலை நிறுத்தின மறு நிமிசமே அந்த மனசு ‘இதுக்கு என்ன வெல வரும்’னு கேக்க ஆரம்பிச்சிருது.

கீழ கேட்டுல வாட்ச்மேன் ஒரு அட்லாஸு வச்சிருக்காரு, பாத்திருக்கியா? பின்வீலு கோட்டம் விழுந்து மட்காட்டுல உரசி, வர்றதுக்கு முன்னாடியே சத்தம் வரும். அந்த அட்லாஸ் கம்பெனி 2020 ஜூன் 3-ல, உலக சைக்கிள் தினத்தன்னைக்கே, சாஹிபாபாத் ஆலையை நிறுத்திட்டான். இவர் சைக்கிளு இன்னும் சோத்துக்கு ஓடிக்கிட்டு இருக்கு. நீ தெனம் அதைத் தாண்டித்தான் லிஃப்டுக்குப் போற, பையில நிப்பிள் சாவியோட. நேத்துச் சாயங்காலம் நானே உன் சாவியை எடுத்துட்டுப் போயி, சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி, கோட்டம் எடுத்துக் குடுத்தேன். மனுசன் விடாம இரானி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்கிக் குடுத்தாரு. உன் சைக்கிள் வியாபாரத்துல இந்த வீட்டுக்கு வந்த ஒரே லாபம் அந்த டீதான், எழுதி வச்சுக்கோ.

சரி, மாமன் சொன்னா நீ கேக்கப் போறதில்ல. கேக்க வேண்டாம். வாங்கு, பிரி, கட்டு, வில்லு. என்ன, ஒரு மழைக்காலம் ஓட்டிட்டு வில்லு. அனந்தகிரி மலை விகாராபாத் பக்கம் எட்டுற தூரத்துலதான இருக்கு, ஒரு தடவ ஏறி எறங்கிட்டு வில்லு. செயின்ல மண்ணு பிடிச்சிருக்கிற சைக்கிளைப் பாத்து வாங்குறவன் வெல கொறைச்சுக் கேப்பான். கேக்கட்டும். இப்ப மட்டும் என்ன, கூடவா வருது?

இப்ப வந்த காரியத்தைச் சொல்லிருதேன். எர்ரகட்டா ஞாயித்துக்கெழமச் சந்தையில பழைய இரும்புக்கு நடுவுல கெடந்து எடுத்தமே, பச்சைக் கலர் பிஎஸ்ஏ எஸ்எல்ஆரு, கட்டிலுக்கு அடியில இருக்கு. நீ பெயிண்டைச் சொரண்டி விரிசலு பாத்த, நான் சணலை வாங்கிப் பின் அச்சு ஓட்டையில இருந்து முன்கழுத்தைச் சுத்தி மறுபக்கம் கட்டி ரெண்டு பக்கமும் அளந்து பாத்தேன். ஒரு நூல்கூடக் கோணல் இல்ல. அதை நீ வேற என்னமோ செய்யப் போறதா அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தது காதுல விழுந்துச்சு. மட்காட்டு இல்லாம, கேரியர் இல்லாம, ஆரஞ்சு டயர் போட்டு, மாதாப்பூர்ல எவனுக்கோ 18,000 ரூவாய்க்குன்னு. அந்தப் பேச்சே கூடாது. சாமானுக்குக் கோட்டிக்குத்தான் போவணும்னியே, சரிதான், உனக்குப் போக வேண்டிய எடந்தான் அது. அங்க ஈசாமியா பஜாருல ஒரு ஜோடி மட்காட்டு, செயின் கவரு, நல்ல பெல்லு ஒண்ணு வாங்கிட்டு வா. வீலு ரெண்டையும் நீயே கட்டு, அதுல வேற ஆளு கை வைக்கக் கூடாது. காச்சிகுடா நாகர்கோவில் வண்டியில லக்கேஜ் போட்டு நான் ஊருக்குக் கொண்டு போறேன். எவன்கிட்டயாவது அட்வான்ஸு வாங்கியிருந்தா இன்னிக்கே திருப்பிக் குடுத்துரு. வெல எம்புட்டுன்னு எங்கிட்டக் கேக்காத, மாமனுக்கு விக்கிறதுல வெலயும் கெடையாது, தரகும் கெடையாது.